எட்டு லிங்கக் கணக்கு

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கீழே துணிக்கடையும் மேலே ஒற்றை அறையுமாக ஒரு கட்டடம் இருக்கிறது. அந்த மேல் அறையில்தான் ஓவியா ஆறு வருஷமாக வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்கிறாள். தியானம் செய்ய வந்து, வந்த இடத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்து, பால்காரரோடும் குரங்குகளோடும் பழகிவிட்ட வெள்ளைக்காரர்களுக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் பிறக்கும். பிள்ளை வளர்ந்துவிட்டது, பள்ளிக்கூடம் என்று ஒன்று வேண்டும் என்கிற ஞானம். அன்றைக்கு ஓவியாவைத் தேடிக்கொண்டு படியேறுவார்கள். பிரான்ஸுக்கு ஒரு பரீட்சை, ஆஸ்திரேலியாவுக்கு வேறொன்று, இங்கிலாந்துக்கு இன்னொன்று. இதில் ஒரு நாட்டையும் ஓவியா பார்த்ததில்லை. வேர்க்கடலை போடுகிற வீட்டில் பிறந்து, கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, வேங்கிக்காலில் அம்மா மணியம்மாளோடு குடியிருப்பவள். ஆனால் எந்த நாட்டுக்காரன் எந்தக் கேள்வியில் பிள்ளைகளை வழுக்கிவிடுவான் என்பது அவளுக்கு அத்துப்படி. இதுவரை பதினோரு பிள்ளைகளை அனுப்பியிருக்கிறாள். அதில் ஒன்றுகூடத் திரும்பி வந்து அந்தப் படியை ஏறியதில்லை. ஏறவேண்டும் என்று அவள் எதிர்பார்த்ததும் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வாள்.

பன்னிரண்டாவது பிள்ளை ஐரிஸ், பதினோரு வயது. அவளை மற்றவர்களோடு சேர்த்து எண்ண ஓவியாவுக்கு மனசு வராது. ஆறு வயதில், பரீட்சை கிரீட்சை எதற்கும் இல்லாமல், எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகட்டும் என்று அம்மா ஹன்னா கொண்டுவந்து விட்ட குழந்தை. வைக்கோல் நிறத்தில் முடி, வாயைத் திறந்தால் செங்கம் ரோட்டுத் தமிழ். ஹன்னா பாலைக்கூடத் தொடாத சைவம். மகளோ ஓவியாவின் டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்பு இருக்கிற நாளைப் படியேறும்போதே மோப்பம் பிடித்து, "அக்கா, இன்னிக்கு மாத்திக்கலாமா?" என்று தன் கீரை ரொட்டியை நீட்டுவாள். ஐந்து வருஷமாக இந்தப் பண்டமாற்று நடக்கிறது. ஹன்னாவுக்குத் தெரியாது, இல்லை தெரிந்தும் கேட்பதில்லை.

ஐரிஸுக்கு ஓர் அண்ணன் உண்டு, பெயர் தியோ. நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது, அப்பா பையனை இங்கிலாந்துக்கு அழைத்துப் போய்விட்டார், பெண் இங்கே அம்மாவோடு நின்றுவிட்டாள். தியோ இப்போது அங்கே அரசாங்கம் நடத்துகிற ஒரு விடுதிப் பள்ளியில் தங்கிப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவான். அந்தப் பள்ளியில் ஐரிஸ் வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் ஜனவரிக்கு ஒரே ஒரு இடம் காலி என்று தகவல் வந்தது. நுழைவுப் பரீட்சையைச் சென்னையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுதலாம். இதை விட்டால் அடுத்த சேர்க்கை பதினாறு வயதில்தான், அதற்குள் தியோ படித்து முடித்து வெளியே போயிருப்பான். அண்ணனும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டுமானால் இந்த ஒரு இடம்தான் வழி.

"அம்மா இன்னா சொல்றாங்க?" என்று ஓவியா கேட்டபோது ஐரிஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

"அம்மா எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உனக்கு என்ன தோணுதுன்னு திருப்பிக் கேப்பாங்க. சாப்பாட்டுக்கு இன்னா வேணும்னாலும் அதான், ஊர விட்டுப் போறேன்னாலும் அதான்."

அது உண்மை. ஹன்னா அப்படிப்பட்டவள். எதைக் கேட்டாலும் மெல்லச் சிரித்து, கேட்டவரிடமே கேள்வியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வருவது வரட்டும், போவது போகட்டும் என்று பழகிக்கொள்வதற்காகவே ஜெர்மனியிலிருந்து இத்தனை தூரம் வந்தவள்.

அந்தப் பரீட்சையில் படங்களைத் திருப்பும் கேள்விகள் என்று ஒரு பகுதி இருக்கும். கொடி, அம்பு, பாதி கருப்படித்த வட்டம் என்று ஏதாவது ஒரு படம் கொடுத்து, இதை வலப்பக்கம் இத்தனை டிகிரி திருப்பினால் எப்படி இருக்கும், இடப்பக்கம் திருப்பினால் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். நாற்பது கேள்வி, இருபத்தைந்து நிமிஷம். பிள்ளைகள் தலையைச் சாய்த்து, தாளைச் சாய்த்து, கடைசியில் நாற்காலியையே சாய்த்துவிடுவார்கள். ஓவியா இதற்கென்று சொந்தமாக ஒரு முறை வைத்திருந்தாள். படத்தின் நடுவில் சின்னதாக ஒரு மலை போடச் சொல்வாள். "இது நம்ம மலை. சுத்தி எட்டு லிங்கம். ஒரு லிங்கத்துலேர்ந்து அடுத்த லிங்கம் போனா நாப்பத்தஞ்சு டிகிரி. ரெண்டு லிங்கம் போனா தொண்ணூறு. இப்ப நீ கொடியப் பிடிச்சிக்கினு நட." அவ்வளவுதான். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கண்ணை மூடி, காகிதத்தில் கிரிவலம் போய், சரியான விடையோடு திரும்பி வரும். ஜன்னலுக்கு வெளியே நிஜ மலை நிற்கும். மத்தியான வெயிலில், இரண்டு மூன்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் நடக்கும்போது, அறையே மெல்லச் சுற்றுவதுபோல ஓவியாவுக்கு இருக்கும். அந்த நேரங்களில் அவளுக்கும் கண் சொருகும்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அதைக் கண்டாள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. ஐரிஸ் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கேள்வி, அம்புக்குறியை இடப்பக்கம் தொண்ணூறு டிகிரி திருப்பு என்பது. ஐரிஸின் கண் மூடியது, உதடு அசைந்தது. "இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர" என்று கிழக்கில் தொடங்கி வடக்கு வரைக்கும் முழுசாக நடந்துபோய், அங்கே அம்பை ஊன்றினாள். விடை சரி. இடப்பக்கம் இரண்டு லிங்கம் நடக்கவேண்டியவள் வலப்பக்கமாக ஆறு லிங்கம் நடந்து அதே இடத்துக்கு வந்திருந்தாள்.

அடுத்த கேள்வி, இடப்பக்கம் நாற்பத்தைந்து. அதற்கும் ஏழு லிங்கம் நடந்தாள்.

ஓவியா பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை எதையும் தப்பாகச் செய்யவில்லை, எல்லா விடையும் சரி. ஆனால் மாதிரித் தேர்வு எழுதும்போதெல்லாம் முப்பத்துமூன்று கேள்விக்கு மேல் ஏன் போக முடியவில்லை என்று புரிந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் இந்த ஊருக்கு வளர்ந்தபின் வந்தவர்கள். அவர்கள் மலையைப் பரீட்சைக்காக மட்டும் சுற்றினார்கள், இடமோ வலமோ அவர்களுக்கு ஒன்றுதான். ஐரிஸ் ஒன்றரை வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து மலை சுற்ற ஆரம்பித்தவள். இந்த ஊரில் சைக்கிளும் ஆட்டோவும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், அது கணக்கில் இல்லை. காலால் நடந்து சுற்றினால் மலை வலப்பக்கம் இருக்கவேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், சொல்லத் தேவையும் இல்லை. காகிதத்தில் மலையை வரைந்துகொடுத்தது மட்டும் ஓவியாவின் வேலை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அப்போதே தோன்றியது. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தாளை மடித்து வைத்தாள். மறுநாளும் சொல்லவில்லை. பழகப் பழக வேகம் வரும் என்று தனக்கே ஒரு சமாதானம். வேங்கிக்கால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அந்தச் சமாதானம் நிற்காது. முப்பத்துமூன்றோடு ஐரிஸ் தேற மாட்டாள். தேறாவிட்டால் போக மாட்டாள். போகாவிட்டால் நாளைக்கும் படியேறி வந்து, இன்னிக்கு மாத்திக்கலாமா என்று கேட்பாள். இப்படிப் போகும் நினைப்பு. சே, நான் என்ன மனுஷி என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். திட்டிக்கொண்டே மூன்று வாரம் ஓட்டிவிட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது எழுதின மாதிரித் தேர்விலும் முப்பத்துமூன்றுதான். ஐரிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள். விழுந்து முட்டி உடைந்தபோதும், குரங்கு கையைப் பிறாண்டியபோதும் அழாத பெண் மேஜையில் முகத்தைக் கவிழ்த்து அழுதாள்.

"எனக்கு இன்னாக்கா கொறை? எல்லாம் கரெக்டாதான போடறேன்? தியோ எனக்குன்னு அவன் பெட்டுக்குப் பக்கத்துல செவுத்துல மலைய வரஞ்சி வெச்சிருக்கானாம். நான் வந்தா காட்றானாம். நான் எப்டிக்கா போவேன்?"

ஓவியாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பிள்ளையின் தலையை நிமிர்த்தி, மூக்கைத் துடைத்து, காகிதத்தில் மலை வரைந்தாள். "இங்க பாரு. இடப்பக்கம் திருப்பச் சொன்னா, இப்படியே பின்னாடி ரெண்டு லிங்கம் வா. சுத்திப் போகாத."

ஐரிஸ் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் சுருங்கியது. "முடியலக்கா. கால் வரமாட்டேங்குது."

"காகிதத்துலதான போற?"

"நீங்க போய்ப் பாருங்க."

ஓவியா கண்ணை மூடினாள். இந்திர லிங்கத்து வாசலில் நின்றாள். மலையை இடமாகச் சுற்ற ஒரு அடி வைக்கவேண்டும். வைக்க வரவில்லை. யாரோ எதிரில் வந்து, எங்கம்மா போற என்று கேட்டுவிடுவார்கள் போல இருந்தது. அவளும் தன்னை அறியாமல் ஆறு லிங்கம் சுற்றிப் போய்த்தான் இறங்கினாள். ஆறு வருஷமாகத் தானும் அப்படித்தான் விடை கண்டுபிடித்து வந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கட்டடம் சோமசேகர குருக்களுடையது. பெரிய கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்கிற குடும்பம். துணிக்கடையில் வாடகை வாங்க வந்தவரை ஓவியா படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, மலைய இடமா சுத்தினா இன்னா ஆவும்?"

"என்ன ஆகும்? எதிர்ல வரவா எல்லாரும் திட்டுவா."

"அது சரி. அண்ணாமலையார் ஒண்ணும் பண்ண மாட்டாரே?"

குருக்கள் குடையை மடக்கி உதறினார். "என்னண்ட வந்து கேட்டா கூடாதுன்னுதாம்மா சொல்லுவேன். அது என் தொழில். நீ கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. எதுக்கும் பௌர்ணமி பார்த்துப் போயிடாதே, கூட்டத்துல மிதிச்சுடுவா." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு ஓவியாவும் ஐரிஸும் செருப்பைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள். இரவு பெய்த மழை நின்றிருந்தது. மலை இருக்கவேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது, அடிவாரத்து மரங்கள் வரைக்கும் இறங்கியிருந்தது. "மலையே இல்லக்கா" என்றாள் ஐரிஸ் மெதுவாக. "நல்லதுதான்" என்றாள் ஓவியா. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் போகும் திசைக்கு எதிராக, ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

முதல் கொஞ்ச தூரம் தலையைக் குனிந்துகொண்டேதான் நடந்தார்கள். அக்னி லிங்கம் வந்தது. "அக்னி" என்றாள் ஐரிஸ். பிறகு யோசித்து, "அடுத்தது இந்திர" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பெயரையும் அந்த வரிசையில் அவள் சொன்னதே கிடையாது. பெரிய கோபுரத்தடியில் பூக்கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. எட்டாவதான ஈசானிய லிங்கத்தைத் தாண்டியதும் ரோடு அகன்று, ஈரமாய், ஆளில்லாமல் நீண்டது.

மலையை ஒட்டின ஓரம் சித்தர்கள் நடக்கிற ஓரம் என்று ஊரில் சொல்வார்கள். அதனால் மலை சுற்றுகிறவர்கள் அந்த ஓரத்தை விட்டுவிட்டு இந்த ஓரமாகவே போவார்கள். எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு மலையோரமாக நடந்த ஐரிஸுக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

"அக்கா, சித்தருங்களும் வலமாத்தான சுத்துவாங்க? அப்ப அவங்களும் நமக்கு எதிர்ல வருவாங்கல்ல. இடிச்சிட்டா?"

"சாரி சொல்லு."

அதற்கப்புறம் ஐரிஸ் பத்தடிக்கு ஒருதரம் காற்றைப் பார்த்து, "சாரிங்க, சாரிங்க" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கி நடந்தாள். மேகம் ரோட்டிலும் இறங்கி, இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். ஈரத் தலையோடு ஒரு அம்மாள், ஊன்றுகோல் பிடித்த ஒரு சாமியார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒரு இளம் அப்பா. ஐரிஸ் ஒவ்வொரு முகத்தையும் நின்று நின்று பார்த்தாள். மலை சுற்றும்போது முன்னால் போகிறவர்களின் முதுகைத்தான் பார்க்க முடியும். இத்தனை வருஷம் இத்தனை முதுகுக்கும் இப்படியெல்லாம் முகம் இருந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

"எல்லாரும் நம்மளப் பாக்கத்தான் வராங்க போல இருக்குக்கா" என்றாள் ஐரிஸ்.

ஓவியாவுக்கும் அப்படித்தான் இருந்தது. கனவில் நடக்கிற மாதிரி, கால் தரையில் பாவாமல் நடந்தாள்.

குபேர லிங்கத்துப் பக்கத்தில் டீக்கடை போட்டிருந்த கஸ்தூரி அந்தக் கனவைக் கலைத்தாள். "யம்மாடி! வழி மாறிப் போறீங்களே, இப்டி இடமா போவக்கூடாதும்மா! அந்தப் பாப்பாக்குத்தான் தெரியல, வெளியூரு. உனக்கு எங்க போச்சு புத்தி?"

"நான் இந்த ஊருதாங்க" என்றாள் ஐரிஸ் கொஞ்சம் கோபமாக. "தெரிஞ்சிதான் போறோம். பரீட்சைக்குப் படிக்கிறோம்."

"பரீட்சைக்கா?" கஸ்தூரியின் முகம் சட்டென்று மாறியது. "அப்ப சரி. நல்லா படிம்மா." இரண்டு டீயை ஆற்றி, பன்னோடு கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றாள். பரீட்சை என்று சொல்லிவிட்டால் இந்த நாட்டில் எந்தக் குற்றத்துக்கும் மன்னிப்பு உண்டு போலிருக்கிறது.

வாயு லிங்கத்தைத் தாண்டி வருணத்துக்குப் போகும் வழியில், ஐரிஸ் சந்தோஷமாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தபோது, ஓவியாவுக்கு இனி வாயை மூடிக்கொண்டு நடக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"ஐரிஸ், நீ சுத்திப் போறது எனக்கு மூணு வாரமா தெரியும்."

ஐரிஸ் நின்றாள். "இன்னா?"

"உன் உதடு அசையறதப் பாத்தேன். அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

பிள்ளையின் முகம் சிவந்தது. அவள் கத்தவில்லை. ஓவியாவின் கையிலிருந்து கையை உருவிக்கொண்டு தனியாக முன்னால் நடந்தாள். வருண லிங்கம் வந்தது, பெயர் சொல்லவில்லை. தூறல் மறுபடி தொடங்கியது, குடையை விரிக்கவில்லை. ஓவியா பத்தடி பின்னால் நடந்தாள். அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பதைவிட ஊர் மொத்தமும் வந்து திட்டினால் தேவலை என்று இருந்தது. எதிரில், வெள்ளை வேட்டியும் மடக்கின குடையுமாக, சோமசேகர குருக்கள் வந்தார். இருவரையும் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பி, மலை இருந்த பக்கத்து மேகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, யாரையும் காணாதவராகக் கடந்துபோனார். வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்து உருண்டிருப்பார்கள்.

நிருதி லிங்கத்துக் கோயில் மதிலோரம் ஐரிஸ் உட்கார்ந்துவிட்டாள். ஓவியா எட்டி நின்றாள்.

"நான் ஃபெயிலாகணும்னு நெனச்சீங்களா?"

"இல்ல." சொல்லிவிட்டு ஓவியா தலையை ஆட்டினாள். பொய் சொல்ல அது இடமில்லை. "ஆமா. நீ போவக்கூடாதுன்னு நெனச்சேன். பதினோரு பேர அனுப்பினேன், ஒண்ணும் தெரியல. உன்ன அனுப்ப மனசு வரல. தப்புதான். பெரிய தப்பு. அதுக்குதான் இப்டி நடக்கறேன்."

ஐரிஸ் கால்விரலால் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நெஜமாவே நான் போவக்கூடாதா உங்களுக்கு?"

"நெஜமா."

"அம்மாகூட அப்டிச் சொல்லல" என்றாள் ஐரிஸ். "ஒரு தபா கூட சொல்லல. அப்பாவும் தியோவும் போனப்பவும் சொல்லல. இப்பவும் உனக்கு என்ன தோணுதுன்னு கேக்கறாங்க. நான் போனா யாருக்குமே ஒண்ணும் இல்ல போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஓவியா பக்கத்தில் உட்கார்ந்து அவளை அணைத்துக்கொண்டாள். இருவரும் நனைந்து போயிருந்தார்கள். இருவரும் அழுதார்கள் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கோயிலில் மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் எழுந்தார்கள். "உங்க மேல கோபம் போவலக்கா" என்றாள் ஐரிஸ் கையைக் கொடுத்தபடி. "பரீட்ச முடியட்டும், அப்பறமா போவும்."

எம லிங்கத்துக்கு வரும்போது மேகம் விலகி, இடத்தோளுக்கு மேலே மலை நின்றது. அது எப்போதும் போலத்தான் இருந்தது. ஓவியா பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். அங்கேயே சுவரோரம் நின்று, ஐரிஸ் கண்ணை மூடினாள். உதடு இரண்டு தடவை அசைந்தது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்து, தாளில் விரலை வைத்தாள். அடுத்த கேள்விக்கு ஒரே அசைவு.

மிச்சமிருந்த ஒரு வாரம் தினமும் எழுதினாள். முப்பத்தாறு, முப்பத்தெட்டு, கடைசி இரண்டு நாள் நாற்பது. சென்னைக்கு மூவரும் காரில் போனார்கள். உள்ளே போன பிள்ளை மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்து, எல்லாம் எழுதியாச்சு, பசிக்கிறது என்றாள். ஹன்னா இது எல்லாவற்றுக்கும் அமைதியாகச் சிரித்தாள். கோயில் மதிலோரம் ஐரிஸ் அழுததை நினைத்து, ஓவியா கோபத்தோடு அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஹன்னா லேப்டாப்போடும் மகளோடும் படியேறி வந்தாள். கடிதம் வந்திருந்தது. இடம் ஐரிஸுக்குத்தான். சம்மதமென்றால் கீழே உள்ள பொத்தானை அழுத்தவேண்டும், ஒரு வாரம் அவகாசம். ஓவியாவுக்குச் சிரிப்பும் துக்கமும் ஒன்றாக வந்தன. ஐரிஸைத் தூக்கிச் சுற்றப்போனவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். ஐரிஸ் திரையைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ கேட்டாள், அவர்கள் மொழியில். ஹன்னா மெல்லச் சிரித்து ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று ஓவியாவுக்கு மொழி தெரியாமலே தெரிந்தது. ஐரிஸ் தலையை அசைத்தாள். இங்கிலீஷில் கேட்டாள். உனக்கு என்ன தோன்றுகிறது, கண்ணே, என்று இங்கிலீஷிலும் அதே பதில்தான் வந்தது.

ஐரிஸ் லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். பிறகு, அம்மாவிடம் ஒருநாளும் பேசாத தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டாள்.

"அம்மா. நான் போறது. உனக்கு வேணுமா, வேணாமா?"

ஹன்னாவின் தமிழ் காய்கறிச் சந்தையில் கற்றது. வேணும், வேணாம், போதும், எவ்வளவு. அதற்குமேல் அவளிடம் தமிழே கிடையாது. கேள்வியைத் திருப்பிக் கொடுப்பதற்கு அந்த மொழியில் அவளுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பத்து வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்து சேர்த்து வைத்த அமைதியெல்லாம் அந்த முகத்திலிருந்து இறங்கிப் போவதை ஓவியா பார்த்தாள்.

"வேணாம்" என்றாள் ஹன்னா. இன்னொரு தடவை சொன்னாள், இந்தத் தடவை அழுதுகொண்டே. "வேணாம். வேணாம், வேணாம்."

ஐரிஸ் ஓடிப்போய் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். பதினோரு வயசுப் பெண், கால் இரண்டும் தரையில் இழுபட்டன. ஹன்னா அவளை முடியோடு சேர்த்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். ஓவியா ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஐரிஸ் கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப சரி" என்றாள். மடியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிச் சம்மதப் பொத்தானை அழுத்தினாள்.